என் ஈரலும் அப்பாவின் நற்பெயரும்

கொட்டாரம்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜான்ரோஸுக்கு, அண்ணன் தேவகுமார் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் ஈரலைத் தவிர எல்லோரும் சுகம். மஸ்கட்டில் உன் சுகம் அறிய ஆவல். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

நம் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறதே என்று நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தேன். ஈரலில் கொழுப்பு நிறைய இருக்கிறது என்ற டாக்டரம்மா, "தினமும் எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டார், அதுவும் உன் மதினி சத்தியபாய் பக்கத்தில் இருக்கும்போது. ஒரு சொட்டுகூட இல்லை என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கிட்ட மறைச்சது போதும். டாக்டரிட்டயாவது உள்ளதச் சொல்லுங்க" என்றாள். மறுநாளே நம் பெயின்ட் கடைக்கு வந்து, சாராயம் ஒளித்திருக்கிறேனா என்று டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தாள், தின்னர் வாடையில் தலைசுற்றி விழுந்தாள், தூக்க ஓடிவந்தவர்களிடம் காரணத்தையும் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் போதகர் ஐயா வீட்டுக்கே வந்து எனக்காக உருக்கமாக ஜெபித்து, சங்கப் பொறுப்பைக் கொஞ்ச நாள் வேறு ஆள் பார்க்கட்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

தம்பி, இனிதான் விஷயமே. டாக்டரம்மா ஒரு மரபணுச் சோதனை எடுத்தார். பிஎன்பிஎல்ஏ3 என்று பெயர், எனக்கு மனப்பாடம். சிலருக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் மாறி இருக்குமாம். இருந்தால் குடிக்காதவன் ஈரலிலும் கொழுப்பு சுலபமாகச் சேருமாம். எனக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. தொப்பையும் ஒரு காரணம் என்றார், அது கிடக்கட்டும். எனக்கு அங்கேயே அப்பா நினைவு வந்துவிட்டது. சபை மூப்பராக இருந்தவர் ஈரல் கெட்டு இறந்தபோது ஊர் என்னவெல்லாம் பேசியது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் மைக்கைப் பிடித்து, "எனக்க அப்பா ஒளிச்சுக் குடிச்சவரில்ல. ரத்தத்துல உள்ள குத்தம்" என்று சொன்னேன். சத்தியபாய் அழுதுவிட்டாள். போதகர் ஐயா கைகொடுத்தார். பொறுப்பும் திரும்பி வந்தது.

நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். குடியைப் பற்றிக் கேட்டால், "வியாழக்கிழமை மட்டுந்தான் அண்ணே, மறுநாள் லீவு" என்பாய். இந்த மாற்றம் உள்ளவன் குடித்தால் மற்றவனைவிடச் சீக்கிரம் ஈரல் கெடுமாம். லீவுக்கு வந்ததும் சோதித்துக்கொள். சுத்தமான அப்பாவுக்குப் பிறந்தவன் நீ, அதை நினைத்துக்கொள்.

விக்டோரியாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் எல்லோரையும் ஈரல் உட்படக் காப்பாராக.

அன்பு அண்ணன்,
தேவகுமார்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஞானபாய் அத்தை வந்தாள். "மைக்குல பேசினது நல்லாட்டு இருந்துது மக்கா. ஆனா ஒனக்க அப்பன் குடிப்பான். நானும் அவனும் ஒண்ணா இருந்துதான் குடிப்போம்" என்கிறாள். அவளுக்கு வயது எண்பத்தாறு, ஈரலுக்கு ஒன்றுமில்லை. டாக்டரம்மாவைப் போனில் கேட்டேன். அப்பாவும் அத்தையும் மாதிரிக் கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த மாற்றம் வந்து ஒருவருக்கு வராமலும் இருக்குமாம். நீ அப்பாவா, அத்தையா என்று சோதித்தால்தான் தெரியும்; அதுவரை தொடாதே. சபையில் நான் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. வரும்போது விமான நிலையத்தில் ஒரு குப்பி வாங்கிவரச் சொன்னாள் அத்தை. அதையும் வாங்காதே.