லோர்னா சுட்ட மூன்று தோட்டா

மதிப்பிற்குரிய மச்சான் டுவைட் அவர்களுக்கு,

லூயிஸ்டவுனிலிருந்து உங்கள் தங்கை புருஷன் ஹார்லன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், லோர்னா, என் வலது முழங்கால் ஆகிய மூவரும் சுகம். ஒஹாயோவில் நீங்களும் குடும்பத்தாரும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. போன கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லார் எதிரிலும் நீங்கள், "கேக்க வீட்ல சுடுறவங்களப் பாத்திருக்கேன், தோட்டாவையே வீட்ல செஞ்சு சுடுறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றீர்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. லோர்னா வைத்துக்கொண்டாள். பனிக்காலம் பூராவும் நான் நிலவறையில் உட்கார்ந்து, தட்டான் பொன் நிறுக்கிற மாதிரி வெடிமருந்தை நிறுத்து நிறுத்து அடைத்துக்கொண்டிருக்க, அவளுக்கோ போர்வை தைக்கிற மிஷினைப் போட அந்த அறை வேண்டும். "உன் தோட்டா கடைத் தோட்டாவ ஜெயிச்சா ரூம் உனக்கு, தோத்தா எனக்கு" என்று சொல்லி, பிளாஸ்கில் காபியோடு அவளே சுடுதளத்துக்கு வந்துவிட்டாள்.

முதலில் கடைத் தோட்டா மூன்றை நூறு கஜத்தில் சுட்டேன். மூன்று ஓட்டையும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. பிறகு என்னுடையவை. ஒன்று தாளின் மேல் ஓரத்தில், ஒன்று கீழ் ஓரத்தில், மூன்றாவதைக் காணோம். சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் விர்ஜில் தொலைநோக்கியில் ரொம்ப நேரம் தேடிவிட்டு, "மூணாவது கனடாவுக்குப் போயிடுச்சா ஹார்லன்?" என்றார். காற்று என்றேன். கம்பத்தில் கொடி துவண்டு தொங்கியது. துப்பாக்கியில் திருகு கழன்றிருக்கும் என்றேன். அவர் எல்லாத் திருகையும் முறுக்கிப் பார்த்தார், எதுவும் அசையவில்லை. மறுபடி என்னுடையதிலேயே மூன்று சுட்டேன், அது அதைவிட மோசம் மச்சான், நிலவறை போச்சுன்னே நெனச்சுட்டேன். அப்பத்தான் விர்ஜில் மெதுவா, "உன் தோட்டான்னா மட்டும் விசைய அமுக்குறதுக்கு முன்னாடியே நீ கண்ண மூடிக்கிறியேப்பா" என்றார்.

லோர்னா காபியைக் கீழே வைத்தாள். "தள்ளு" என்றாள். கல்யாணத்துக்கு முன்பே தனியாக மலையேறி எல்க் மான் அடித்தவள், உங்களுக்குத் தெரியாததா. மேசையிலிருந்து மூன்று தோட்டாவை எடுத்துப் போட்டு, அவசரமே இல்லாமல் சுட்டாள். விர்ஜில் தொலைநோக்கியில் குனிந்தவர் நிமிரும்போது தொப்பியைக் கழற்றிவிட்டார். மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு காசை வைத்தால் மறைந்துவிடும். அதைப் பார்த்ததும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"தோட்டாவுல ஒரு குறையும் இல்ல, சுடுற ஆளுலதான். ரூம நீயே வச்சுக்கோ" என்றாள். குறி தெரியாதவன் என்று ஊரறியப் பெயர் வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பியவன் இந்த மொன்டானாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இந்த இலையுதிர் காலத்தில் அவள் சுடுவாள், நான் தோட்டா செய்வேன், நீங்கள் வந்தால் மானைச் சுமக்கலாம்.

எனக்குக் கொடுக்க மறந்த மூடாத கண்ணையும் சேர்த்து ஆண்டவன் உங்களுக்கே அருளட்டும். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டாவின் மானத்தைக் காப்பாற்றிய
ஹார்லன் ஸ்கோக்ஸ்டாட்

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன், சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை மறுபடி மருந்தடைக்கக் கழுவலாம் என்று பையைக் கொட்டினேன். என்னுடையவை மஞ்சள் பித்தளை, கடையில் வாங்கியவை வெள்ளி மினுக்கு. வெள்ளிக் கூடு மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருக்கிறது. லோர்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தெரியும். உன் தோட்டாவப் போட்டு வெடிக்க எனக்குப் பயம்."

"அங்கேயே ஏன் சொல்லல?"

"அதுக்குள்ள நீ சிரிச்சுட்ட. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அறையைக் கேட்டாளா என்றால், கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. மச்சான், நீங்கள் வரும்போது அந்தக் கடைத் தோட்டாவில் இரண்டு பெட்டி வாங்கி வாருங்கள். யாராவது கேட்டால், தங்கைக்கு என்று சொல்லுங்கள்.