லிஃப்டில் சிக்கிய காதல்

புத்தகக் கடையில் வேலை பார்க்கும் ஒரே காரணத்தால் உலகத்தையே படித்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் என் அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். உன் மருமகள், அதான் என் அருமைப் பெண், நலமா என்று என்னைக் கேட்காதே, அவள் என்னோடு பேசியே ஒரு வாரம் ஆகிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மரியாதையெல்லாம் இத்தோடு முடிந்தது. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவாய் என்பதால்தான் மெனக்கெட்டு எழுதுகிறேன்.

பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பிறந்தநாளுக்கு ஊரில் என்ன கொடுப்பார்கள்? ஒரு நல்ல துணி, ஒரு கைக்கடிகாரம். நீ ஒரு பெட்டி நிறையக் காதல் நாவல் அனுப்பினாய். எல்லா அட்டையிலும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தொலைத்திருந்தால் முந்நூறு பக்கக் காகிதமாவது மிச்சமாகியிருக்கும். அன்று பிடித்தது சனியன். பல் தேய்க்கும்போது ஒரு கையில் புத்தகம், துணி மடிக்கும்போது முழங்காலில் புத்தகம், தானாகச் சிரிப்பு, தானாக அழுகை. ஒருநாள் அறைக்குள்ளிருந்து "ஐயோ லூசு, சொல்லித் தொலையேன்டா!" என்று ஒரு கத்தல். என்னவோ ஏதோ என்று கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினால், கதையில் வரும் பையன் மனதில் இருப்பதை இன்னும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லையாம். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அன்று படித்ததை எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். உன் அண்ணியாவது கண்டிப்பாள் என்று பார்த்தால், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு "அப்புறம் என்னடி ஆச்சு?" என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். நான் காதில் விழாத மாதிரி தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று ஒருநாள் காலை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "அப்பா, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, முடிச்சிட்டுத் தர்றேன்ப்பா" என்று பின்னாலேயே வாசல்வரை வந்தாள். நான் மசியவில்லை. அன்று ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் எனக்கு லிஃப்ட் சர்வீஸ் வேலை. மொட்டைமாடியில் மெஷின் ரூமுக்குப் போய், லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரேக் சூடு ஆறட்டும் என்று புத்தகத்தைப் பிரித்து அங்கங்கே புரட்டினேன். கதாநாயகன் எப்போது பார்த்தாலும் மழையில் நிற்கிறான், ஒருநாளும் தும்மவில்லை. கதாநாயகி தான் அழகில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் புலம்புகிறாள், வீட்டில் ஒரு கண்ணாடிகூடவா இல்லை? அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பிறகு இரண்டு பேரும் லிஃப்டில் சிக்கினார்கள் பார், எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. விளக்கு அணைந்துவிட்டது, ஆனாலும் அவள் கண்ணின் நிறம் அவனுக்குத் தெரிகிறது. இரண்டு கையாலும் கதவைப் பிளக்கிறான், அது என்ன வாழைப்பழத் தோலா? அலாரம் பட்டன் என்று ஒன்று எதற்கு வைத்திருக்கிறோம்? அதை அழுத்தாமல் எட்டுப் பக்கம் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தக் கோபத்தில் படித்துக்கொண்டே இருக்கும்போது எங்கோ மணி அடித்தது. அப்பாடா, இப்போதாவது அழுத்தினார்களே என்று நினைத்து இன்னொரு பக்கத்தைத் திருப்பினேன்.

அடித்தது நிஜ மணி. 'லிஃப்ட் பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையைக் கீழே மாட்டியிருக்க வேண்டும், நான் அதைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மெயினை அணைத்த நேரத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவரும் ஐந்தாம் மாடித் தையல்கார அம்மாளும் உள்ளே இருந்திருக்கிறார்கள். ஒரு ஆணும் பெண்ணும் அரைமணி நேரம் லிஃப்டில் அடைபட்டால் என்ன நடக்கும் என்று உன் எழுத்தாளர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தலைவர் அந்த அம்மாள் மேல் ஒரு புகார் கொடுத்தார், அந்த அம்மாள் தலைவர் மேல் ஒரு புகார் கொடுத்தார், இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் ஒரு புகார் கொடுத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் மனம் ஒன்றுபட்டது. கம்பெனியில் மேனேஜர் என்னை நிற்க வைத்துக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்.

அந்தக் கடுப்போடு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "புக் எங்கப்பா?" என்கிறாள். "இந்தா. இதுல என்ன பெரிய ரகசியம் இருக்கு? அவ வெளியூர் கிளம்புவா, அவன் ஸ்டேஷனுக்கு ஓடி வருவான், கட்டிப் பிடிப்பான், சுபம். முடிஞ்சுதா?" என்று கொட்டிவிட்டேன். கத்துவாள், சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "ஏன்ப்பா சொன்னீங்க?" என்றாள், அவ்வளவுதான். போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு புத்தகத்தையும் அவள் தொடுவதில்லை. உன் பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. "இப்ப நிம்மதியாச் சாப்பிடுங்க" என்று தட்டை ணங்கென்று வைக்கிறாள் உன் அண்ணி. நிம்மதியாவது மண்ணாவது, சாப்பிட உட்கார்ந்தால் மின்விசிறிச் சத்தந்தான் கேட்கிறது. இந்த மின்விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்பதே எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. என்னால் தாங்க முடியவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எல்லாம் உன்னால் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ, போவதற்கு முன்னால் அவளை என்னோடு பேச வைத்துவிட்டுப் போ.

உன் குழந்தைகளுக்கு என் ஆசிகள். சின்னவன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டானாம், இப்போதே தடுத்துவிடு.

இப்படிக்கு,
உன்னைத் தங்கையாகப் பெற்ற கொடுப்பினைக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவள் அறையில் ஒரு கூச்சல். ஓடினேன். கட்டில்மேல் நின்றுகொண்டு, அந்தப் புத்தகத்தை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாள். "தப்பு! நீங்க சொன்னது மொத்தமும் தப்புப்பா! ஸ்டேஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடைசி அத்தியாயத்தை நீங்க படிக்கவே இல்லதானே?" படிக்கவில்லைதான். சங்கத் தலைவர் கீழே சட்டையைப் பிடிக்கும்போது எந்த அத்தியாயத்தைப் படிப்பது? மிச்சத்தை நானே ஊகித்துச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து என் பெண் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை 'தப்பு'. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது. "சரிம்மா, அப்ப என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம். முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படிக்க வேண்டுமாம், தினமும் சாப்பிடும்போது கேள்வி கேட்பாளாம். இப்போது நாலாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தாராளமாக வா, பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் உன் ஓட்டை வாயை வைத்துக்கொண்டு முடிவை மட்டும் என்னிடம் சொல்லித் தொலைக்காதே.