வீமனுக்குப் போட்ட யப்பான் படம்

நாலு காலில் நின்று, இல்லாத வாலை ஆட்டியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சங்கக்கடையில் மனேச்சர். கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு யப்பான் அண்ணை. ஊர்காவற்றுறையில், ஏன், ஏழு தீவிலும் நாய்க்குப் படம் போட்டுக் காட்டிய ஒரே மனிதர். ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுவது அவர் தொழில். இரண்டும் யப்பானில் செய்தவை என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. சாமத்திய வீடோ, பிறந்தநாளோ, கேட்ட படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் ஒரு யப்பான் கார்ட்டூனைப் பார்த்தே ஆகவேண்டும். கப்பலில் வேலை செய்த மச்சான் கொடுத்த கசற். அதில் ஒரு வெள்ளை நாய். வீட்டுக்காரர் படலையைத் திறந்ததும் துள்ளும், உருளும், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும். பாஷை ஒருவருக்கும் விளங்காது. அண்ணை பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுவார்:

"இப்ப, 'வாங்கோ ஐயா, களைச்சுப் போனியள்' எண்டு சொல்லுது."

அவருடைய நாய் வீமன் வேறு ரகம். அவர் வந்தால் ஒரு கண்ணைத் திறக்கும். ஆள் சரிதான் என்று கண்டதும் மூடிவிடும். தனிக்கட்டை மனிதர், வீடு திரும்பும்போது ஒரு வால் ஆடினால் போதும் என்று ஏங்கினார். பார்த்துப் பழகட்டும் என்று தினமும் பின்னேரம் வீமனை ரீவிக்கு முன்னால் இருத்தினார். ஒரு மாதம் அது நித்திரை கொண்டது.

"படத்தில பாத்து விளங்கேல்லைப் போல. நீர் ஒருக்கால் செய்து காட்டும்," என்றார்.

காட்டினேன். வீமன் எழுந்து வேறு மூலையில் போய்ப் படுத்தது. வேலிக்கு மேலால் பெண்ணின் தாய்மாமன் பார்த்துக்கொண்டு நின்றார். கலியாணப் பேச்சு அதோடு சரி.

பிறகு டெக் பழுதானது. திருத்த யாழ்ப்பாணம் போன அண்ணை ஒரு கிழமையாக வரவில்லை. வீமனுக்குச் சோறு வைப்பது என் பொறுப்பு. அது சோற்றைத் தொடாமல் இறங்குதுறையில் போய்ப் படுத்துக்கொண்டது. மனம் கேட்காமல் அங்கேயும் ஒருமுறை வாலாட்டிக் காட்டினேன்.

எட்டாம் நாள், மார்போடு அணைத்த டெக்குடன் காரைநகர் வள்ளத்தில் அண்ணை வந்தார். வள்ளத்தைக் கட்டுமுன்பே வீமன் எழுந்தது. வால் மட்டுமல்ல, இடுப்பும் சேர்ந்து ஆடியது. கார்ட்டூனில்கூட அப்படி ஒரு பாய்ச்சல் இல்லை. நேரே அவர் நெஞ்சுக்கு. இரண்டையும் பிடிக்க ஏலாது. அண்ணை நாயைப் பிடித்தார்.

சோறு போட்ட தொழில் கடலுக்கடியில் கிடக்க, முகமெல்லாம் நாய் நக்க நின்றார். நான் தலையில் கை வைத்தேன்.

"அண்ணை, டெக் போயிட்டுதே."

"அது யப்பானில கனக்கக் கிடக்கு."