ஆயுள் காப்புக்கு பில் கிடையாது

சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்ப்போம், ஓட்டையைத் தேடுவோம், பிறகு பாதி விலைக்குக் கேட்போம். இணையத்தில் வாங்கிய செருப்பை நிறம் பிடிக்கவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்புவோம். அப்பேர்ப்பட்ட கெட்டிக்கார ஜனம்தான் அன்று வாடகை மண்டபத்தில் முண்டியடித்து நின்றது. கையில் மாட்டினால் எந்த நோயும் அண்டாது என்று காந்தக்கையார் விற்கும் ஆயுள் காப்பு என்ற வளையத்தை வாங்கத்தான்!

உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் அது கிடைக்குமாம். போட்டிக்கு ஆளில்லாத சந்தையில் விற்பவன் வைத்ததுதான் விலை. அதற்கு அவர் வைத்த பெயர் அருள்.

அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு தையற்காரிக்கு அருள் வேண்டாம், புருஷன் வேண்டும். குழாய் வேலை பார்க்கும் அந்த மனுஷன் காப்பை மாட்டிய அன்றே ரத்த அழுத்த மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டான். போன வாரம் ஏணியில் தலை சுற்றி, குழாயைப் பிடித்துத் தொங்கித் தப்பினான்.

மேடை வித்தையை அவள் முன்பே ஒருமுறை உற்றுப் பார்த்திருந்தாள். காப்பு இல்லாமல் நீட்டிய கையைக் காந்தக்கையார் அமுக்கினால் பொத்தென்று விழும். காப்போடு அமுக்கினால் அசையாது. கூட்டம் கை தட்டும். இருபது வருஷம் சட்டைக் கை அளந்த கண் மட்டும் வேறொன்றைப் பார்த்தது.

"ஐயா, காப்புக்கு ஒரு பில் கிடைக்குமா?"

"அருளுக்கு யாராவது பில் போடுவாங்களாம்மா?"

"தலைவலி மாத்திரை அட்டையிலகூட செஞ்சவங்க பேரு, விலாசம், விலை எல்லாம் இருக்கு. இதுல ஒரு எழுத்தும் காணோமே?"

"உஷ்!" என்றது கூட்டம். பக்திக்கு இடைஞ்சலாம்.

"சரி, பில் வேணாம்." அவள் பஞ்சு அடைத்துத் தைத்த இரண்டு துணிப்பைகளை நீட்டினாள். "இதுல எதுல காப்பு இருக்குன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

காந்தக்கையாருக்கு வியர்த்தது. "காட்டுங்க ஐயா!" என்று பக்தர்களே கத்தினார்கள். பாவம், மாட்டிவிட்டதே அவர்கள்தான்.

இந்தச் சோதனைக்காகக் காலையில் தன் காப்பை அவளிடம் கழற்றிக் கொடுத்திருந்த புருஷன் மேடையேறினான். "நானே கை நீட்டறேன்டி. இன்னிக்காவது உன் வாய் அடங்கட்டும்."

முதல் பையைப் பிடித்தான். காந்தக்கையார் அமுக்கியதும் கை விழுந்தது. இரண்டாவது பையைப் பிடித்தான். அவர் அமுக்கியும் கை தூண் மாதிரி நின்றது.

"இதுலதான் காப்பு!" என்றார் காந்தக்கையார். மண்டபம் அதிர்ந்தது.

அவள் கத்தரிக்கோலை எடுத்து முதல் பையைப் பிரித்தாள். பித்தளைக் குழாய் வளையம் ஒன்று விழுந்தது. இரண்டாவதிலும் அதே மாதிரி வளையம்தான்.

புருஷன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என் பெட்டியில இருந்ததாச்சே! அப்ப காப்பு எங்கடி?"

"வீட்டுல, ஊசி டப்பாவுல." அவன் கையைப் பிடித்து நீட்டினாள். "இவரு மணிக்கட்டுல அமுக்குனா விழும். முழங்கைகிட்ட அமுக்குனா விழாது. கதவைக் கீல் பக்கம் தள்ளுனா சுலபமா தெறக்குமா? அதேதான்."

கூட்டம் மேடையை நெருக்கியது. காந்தக்கையார் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்: 'வழங்கிய அருள் திரும்பப் பெறப்படாது.'

"பலகையில எழுதிட்டா சட்டமாயிடுமா?" என்றாள். "பொய் சொல்லி வித்தா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். பில்லு இல்லேன்னா என்ன, நீங்க பேசுனது பூரா என் போன்ல இருக்கு."

அருள் பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தது. நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

புருஷன் தலை நிமிரவில்லை. "அந்த மாத்திரைச் சீட்டு இருக்கா?"

"மாத்திரையே புதுசா வாங்கி வெச்சிருக்கேன்." அவன் அங்கேயே ஒன்றை விழுங்கினான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "ஏம்மா, அந்த ரெண்டாவது பையை எனக்குத் தர்றியா? அதைப் பிடிச்சதும் கை எப்படி நின்னுச்சு!"

தையற்காரி பிரித்த பையை எடுத்து நீட்டினாள்.

"தரேம்மா. முதல்ல கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி, இதையும் ஒருதடவை புரட்டிப் பாருங்க."