பாலாற்றில் நானூற்றுப் பன்னிரண்டு பன்றிகள்

காட்டுப்பன்றி எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கும் என்பது உமாபதிக்குத் தெரியவில்லை. அன்று மாலை ஐந்து மணிக்குள் தெரிந்தாக வேண்டும்.

பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். மயிலும் மாங்காயும் வரைந்து முடித்ததும் அதே கம்ப்யூட்டரில் வேட்டை விளையாட்டு ஆடுவார். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவக் குடும்பம். ஆனால் பனிக்காட்டிலும் ஆப்பிரிக்கப் புல்வெளியிலும் இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பன்றிகளைச் சுட்டிருந்தார். மனைவி சங்கரிக்கே இது தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு அவர் மயில் வரைவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

விளையாட்டை நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டிருந்தது. ஆடுபவர்கள் தங்கள் ஊரைப் புதிய வேட்டைக்களமாக எழுதி அனுப்பலாம். தேர்வானால் வரைபடத்தின் ஓரத்தில் அனுப்பியவர் பெயர் வரும். உமாபதிக்குத் தூக்கம் போய்விட்டது. ஓரிக்கையிலிருந்து திருமுக்கூடல் வரை பாலாற்றின் ஒவ்வொரு வளைவையும் பதினைந்து நாள் வரைந்தார். விண்ணப்பத்தில் பதினான்காவது கேள்வி மட்டும் பாக்கி: விலங்குகள் எங்கே, எப்போது தண்ணீர் குடிக்கும்?

"ஓரிக்கை வரிக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"சீக்கிரம் வாங்க. நாலரை மணிக்கு மன்றத்துத் தலைவர் வராரு. நாளைக்கு உங்களைச் செயலாளரா போடறதப் பத்திப் பேசணுமாம்" என்றாள் சங்கரி.

திருமுறை மன்றத்தின் செயலாளர் பதவிக்காக உமாபதி ஆறு வருஷமாகக் காத்திருந்தார். தலைவர் கலியாணசுந்தரம் கண்ணசைத்தால் போதும், பதவி உமாபதிக்குத்தான்.

ஓரிக்கை ஆற்றோரம் வேர்க்கடலைக் கொல்லையில் ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். பெயர் முனிரத்தினம். உமாபதி வரைபடத்தை விரித்தார்.

"ஏங்க, இங்க காட்டுப்பன்னி வருதா?"

"வருதாவா! மொத்தக் கொல்லையும் பொரட்டிப் போட்டுட்டுப் போயிருக்குது. பாரஸ்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து மூணு மாசம் ஆவுது. இப்பத்தான் ஆள அனுப்புனாங்களா?"

உமாபதி காதில் அது விழவேயில்லை. தரையில் குளம்புத் தடம்! நிஜப் பன்றியின் நிஜத் தடம்! மண்டியிட்டுப் படம் எடுத்தார்.

"தண்ணிக்கு எப்ப வரும்?"

"விடியறதுக்கு முன்னால. அதோ, அந்தக் கோரை மறைவுல. சுட்டுடுவீங்களா சார்?"

"காத்து எதிர்ல இருந்து அடிக்கணும். முன்னங்காலுக்குப் பின்னால ஒரே குண்டு. நானூத்திப் பன்னெண்டு அடிச்சிருக்கேன், ஒண்ணுகூட ஓடுனதில்ல!"

சொன்ன பிறகுதான் உமாபதி நிமிர்ந்து பார்த்தார். முனிரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"ஐயோ, நான் இந்த ஊர்ல சுடறதில்லீங்க. அதெல்லாம் வெளிநாட்டுல."

"வெளிநாட்டுலயா!" கூட்டம் இன்னும் நெருங்கியது.

தப்பிக்க வழி தெரியாமல், "துப்பாக்கி வூட்ல இருக்குது. எடுத்துக்கினு வரேன்" என்றார். அவர்கள் அட்ரஸ் கேட்டார்கள். பதற்றத்தில் சரியான அட்ரஸையே கொடுத்துவிட்டார்.

வீட்டில் சங்கரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தலைவர் போன் பண்ணாரு. ஆட்டோவுல ஆத்துப் பக்கம் போனாராம், உங்களைப் பாத்தாராம். நீங்க பன்னி சுடப் போறீங்கன்னு அங்க எல்லாரும் சொல்லிக்கினு இருக்காங்களாமே! இன்னாங்க இது?"

"சேச்சே. பாவம், அதுங்க தண்ணியில்லாம தவிக்குது. காப்பாத்தலாம்னுதான் போனேன்."

சங்கரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தடுப்பதற்குள் தலைவருக்கும் பக்கத்துத் தெரு உறுப்பினர்களுக்கும் போன் போட்டு, தன் வீட்டுக்காரர் வாயில்லா ஜீவன்களுக்காக வெயிலில் அலைந்த கதையைச் சொல்லி முடித்தாள். உமாபதி அறைக்குள் ஓடிப் பதினான்காவது கேள்விக்குப் பதில் எழுதி முடித்தார்.

நாலே முக்கால் மணிக்கு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. பத்துப் பேர் இறங்கினார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த உமாபதியின் கழுத்தில் முனிரத்தினம் சாமந்தி மாலையைப் போட்டார்.

"சார், துப்பாக்கி ரெடியா? மொதப் பன்னியோட தொடை உங்களுக்குத்தான்! அம்மா, மசாலா அரைச்சு வையுங்க!"

சங்கரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு ஆட்டோவும் வந்தது. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சத்துடன் கலியாணசுந்தரம் இறங்கினார். பின்னாலேயே அவருடைய வாடிக்கை ஆட்டோக்காரன் கமல், குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டு வந்தான்.

"உமாபதி, ஆத்துல உனுக்கு இன்னாபா வேலை?"

கழுத்தில் மாலையோடு உமாபதி விழித்தார். இனிச் சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை. எல்லாரையும் அறைக்குள் அழைத்துப்போய்த் திரையைக் காட்டினார்.

"நான் சுட்டது எல்லாம் இதுலதாங்க ஐயா."

நம்பவைப்பதற்காக ஒரு பன்றியைச் சுட்டும் காட்டினார். பன்றி சாய்ந்ததும் முனிரத்தினம் துள்ளிவிட்டார்.

"அதான்! என் கடலையத் தின்னது அதேதான்! இன்னொண்ணு சுடு சார்!"

பத்துப் பேரும் விசிலடித்தார்கள். சங்கரி மட்டும் அசையாமல் நின்றாள். "அப்ப மயிலு?" என்று கேட்டாள்.

கலியாணசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். வரைபடத்தைத் திறக்கச் சொன்னார். அவர் விரல் ஓரிக்கையிலிருந்து மெல்ல நகர்ந்து திருமுக்கூடல் வரை போனது.

"இந்தக் கோரைக்குள்ள எத்தினி?"

"ஆறு, ஐயா. ஒண்ணு தந்தம் வெச்ச பெரிய ஆண்."

"மூணு ஆறும் சேர்ற எடத்துல மூடுபனி போட்டிருக்கியா?"

"மார்கழிக்கு மட்டும்."

கலியாணசுந்தரம் முகம் வெளுத்தது. "இத்த எப்ப அனுப்பணும்?"

"அஞ்சு மணிக்குள்ள. இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்குது."

"அனுப்பாத."

"ஐயா?"

"நல்லாக் கேட்டுக்கோ உமாபதி. இத்த அனுப்புனா நாளைக்கு நீ செயலாளர் கிடையாது. இந்த ஜென்மத்துல கிடையாது."

சங்கரி உமாபதியின் கையைத் தொட்டாள். ஆறு வருஷம். ஒவ்வொரு குருபூசைக்கும் பந்தி பரிமாறியது, மைக் பிடித்தது, பந்தல் கட்டியது எல்லாம் உமாபதிக்கு நினைவுக்கு வந்தன. திரையில் பாலாறு இருந்தது. வெள்ளை மணல், கருவேலங்காடு, கோரை. உலகத்தில் எங்கேயோ பனி கொட்டும் ஊரில் ஒருவன் அந்த மணலில் கால் வைத்து, 'இது என்ன ஆறு?' என்று கேட்கப்போகிறான்.

"மன்னிச்சுடுங்க ஐயா. எனுக்குப் பதவி வேணாம்."

பொத்தானை அழுத்தினார். மணி நாலு ஐம்பத்தொன்பது.

முனிரத்தினத்தின் ஆட்கள் உமாபதியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கலியாணசுந்தரம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "சிவ சிவா" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

சங்கரி பதறிப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். "பெரிய பாவம் பண்ணிட்டாருங்க. ஐயாதான் பொறுத்துக்கணும்."

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்த கமல் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"பாவமும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. ஐயாவும் இதே ஆத்தத்தான் போன வாரம் அந்த வெளாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டாரு. உங்க வூட்டுக்காரருது அத்தவிட நல்லா இருக்குதுன்னுதான் அழுவுறாரு!"