பொண்ணு பார்க்கப் போய்க் கௌதாரியிடம் மாட்டினேன்

பொண்ணு பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் ஆம்பளைக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. நானும் அப்படித்தான் பாகூருக்குப் போனேன். (வேலை திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில். பறவை ஞானம் முழுக்க மொபைல் வீடியோவில்.) அதுவரை பார்த்த இடமெல்லாம் "பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான்" என்று கைநழுவியிருந்தது. இதுவும் போனால் தரகர் இனி போனையே எடுக்க மாட்டார் என்று அம்மா எச்சரித்திருந்தார்.

பஜ்ஜி முடிந்ததும், "ரெண்டு பேரும் பேசிட்டு வாங்கப்பா" என்று பின்பக்க மல்லாட்டைக் கொல்லைக்கு அனுப்பினார்கள். (உங்களுக்கு அது வேர்க்கடலை.) பொண்ணு கவிதா வரப்பில் நின்றாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, புதரில் ஒரு கௌதாரி கத்தியது.

"அது சேவல். ஜோடியக் கூப்பிடுது. நான் பெட்டை மாதிரி கொரல் குடுத்தா ஓடியாரும் பாருங்க!"

"வேணாங்க, அது இப்ப..." அவள் முடிப்பதற்குள் கொல்லையில் இறங்கிக் கத்த ஆரம்பித்துவிட்டேன்.

வந்தது. பாய்ந்து வந்தது! கவிதா பிறகு சொன்னாள், நான் கொடுத்தது பெட்டைக் குரலே இல்லையாம், வேற்று சேவல் சண்டைக்குக் கூப்பிடுகிற குரலாம். (வீடியோக்காரன் இதைச் சொல்லவே இல்லை, படுபாவி.) பெட்டை அடையில் இருந்தால் சேவல் அங்கேயே காவல் நிற்குமாம். இரண்டு கைக்குள் அடங்குகிற பறவை, காலில் முள்ளோடு என் கெண்டைக்காலில் ஏறியது. "ஐயோ அம்மா!" என்று ஒரு காலைத் தூக்கிப் பின்னால் வைக்கப் போனேன். என் பின்னாலிருந்து பெட்டை புர்ரென்று பறந்தது.

"காலக் கீழ வெக்காதீங்க! முட்ட, முட்ட!"

திரும்பிப் பார்த்தால், தரையில் சின்னக் குழி, காய்ந்த புல், அதில் வெளிறின முட்டைகள். ஒற்றைக்காலில் நின்றேன். அந்தக் காலைத்தான் சேவல் கொத்தியது. வேட்டி வேறு அவிழ்ந்தது. ஒரு கை வேட்டியில், ஒரு கை ஆகாயத்தில். பின்வாசல் முழுக்கச் சொந்தக்காரர்கள். போச்சுடா, இந்தச் சம்பந்தமும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கவிதா ஓடிவந்து, ஆகாயத்தில் இருந்த கையைப் பிடித்து ஒரே இழு. வரப்பில் போய் விழுந்தேன். அவள் கையையும் விடவில்லை, சிரிப்பையும் நிறுத்தவில்லை.

பின்வாசலிலிருந்து அவள் அப்பா தொண்டையைச் செருமினார். "அதான் கையப் புடிச்சாச்சே. அப்புறம் இன்னா யோசன? தட்ட மாத்துங்கப்பா."

இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாமனார் வூட்டு வாசலில் கால் வைத்தாலே மச்சினன், "மாமா, பாத்து வைங்க!" என்பான். "அத்தனை பேர் முன்னாடி உங்கம்மாதான் ஆசைப்பட்டு என் கையைப் பிடிச்சா" என்று நான் பிள்ளைகளிடம் பெருமையடித்தால், அடுப்படியிலிருந்து உடனே பதில் வரும்.

"அடப் போய்யா! நான் முட்டைக்காகத்தானே ஓடியாந்தேன்!"