ஆறாத துண்டுகள்

மூன்றாவது தடவையாக அந்த மூட்டை திரும்பி வந்தபோது கூடவே ஒரு சீட்டும் வந்தது. ‘வாடை’ என்று ஒரே வார்த்தை. அதன் அடியில் இரண்டு கோடு வேறு.

சலவை நிலையத்து முதலாளிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கடைப் பலகையில் ‘பளிச்’ என்று எழுதியிருந்ததால் ஊரே அவரைப் பளிச் என்றுதான் கூப்பிட்டது. பதினெட்டு வருஷத்தில் பொத்தான் போயிற்று என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள், சாயம் போயிற்று என்று வந்திருக்கிறார்கள். துவைத்த துணி நாறுகிறது என்று ஒருவரும் வந்ததில்லை.

மூட்டையில் இருந்தவை நாற்பது வெள்ளைத் துண்டுகள். அடுத்த தெரு மசாஜ் நிலையத்துடையவை. அதை நடத்துகிற மாஸ்டர் தங்கமான மனிதர். பளிச்சின் மனைவியுடைய முட்டி வலியை ஆறே வாரத்தில் விரட்டியவர். அவரிடம் போய் ‘உங்கள் துண்டு அப்படித்தான்’ என்று சொல்லிவிட முடியாது.

பளிச் ஒரு துண்டை முகர்ந்து பார்த்தார். மூடியே வைத்திருந்த பழைய எண்ணெய்க் குப்பியைத் திறந்த மாதிரி அடித்தது.

“சிக்கு வாடை,” என்றார்.

“எண்ணெய் போகல மாமா,” என்றார் மச்சான். மனைவியின் தம்பி. உலர்த்தும் இயந்திரம் அவர் பொறுப்பு. நாற்பது வயதாகியும் அக்காளுக்கு இன்னும் குழந்தை.

“என் கடைக்கு வந்து போகாத எண்ணெயா? கொதிக்கிற தண்ணியில ரெண்டு தடவை போடு. சோப்பும் ரெட்டிப்பாப் போடு.”

போட்டார்கள். ஈரத்தில் துண்டு மல்லாந்து படுத்த மேகம் மாதிரி இருந்தது. வாடையே இல்லை. உலர்ந்ததும் வாடை வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து, ரோஜா வாசனைத் திரவம் ஒரு குடுவை முழுக்க ஊற்றினார் பளிச். அன்று சாயங்காலமே மாஸ்டர் மூட்டையோடு நேரில் வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். முன்னாடி வெறும் வாடைதான். இப்போ ரோஜாத் தோட்டத்துல எலி செத்த மாதிரி இருக்கு. ஒருத்தர் மசாஜ் பாதியிலயே எழுந்து போயிட்டார்.”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் கொடுங்க மாஸ்டர். சரி பண்ணலைன்னா நான் பலகையைக் கழட்டிடறேன்.”

அவர் போனதும் மச்சான் கேட்டார். “எதுக்கு மாமா பலகையெல்லாம் இழுத்தீங்க?”

“வாயில வந்துடுச்சு.”

மறுநாள் காலையில் பளிச்சுக்கு ஒரு யோசனை உதித்தது. ஈரத்தில் இல்லாத வாடை உலர்ந்தால் வருகிறது. அப்படியானால் சரியாக உலரவில்லை என்று அர்த்தம். வாடையை வறுத்தே எடுத்துவிட வேண்டும்.

“சூட்டைக் கடைசி வரைக்கும் திருப்பு. நேரத்தையும் ரெட்டிப்பாக்கு.”

“கடைசியில ஆறவைக்கிற சுத்து ஒண்ணு இருக்கே?”

“அதை நிறுத்து. வந்த வாடையைச் சூட்டோட சூடா அமுக்கணும்.”

துண்டுகள் கையில் பிடிக்க முடியாத சூட்டில் வெளியே வந்தன. ஓரங்கள் லேசாக மஞ்சளித்திருந்தன. ஆனால் வாடை குறைந்திருந்தது. பளிச் உள்ளங்கையை ஊதி ஊதி நாற்பதையும் மடித்து, ஒரே அடுக்காக அடுக்கி அழுத்தி, மேலே இரண்டு கம்பளியையும் போர்த்தினார். பக்கத்துக் கொடியில் மருத்துவமனை டாக்டர்களுடைய வெள்ளைக் கோட்டுகள் அறுபது, தேய்த்துத் தயாராகத் தொங்கின.

ஒரு மணி நேரம் கழித்துக் கம்பளிக்குள் கையை விட்டவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைத்தபோது இருந்ததைவிடத் துண்டுகள் அதிகமாகச் சுட்டன.

“மச்சான், இதை மறுபடியும் மெஷின்ல போட்டியா?”

“நான் தொடவேயில்ல. நீங்க போட்டீங்கன்னு நினைச்சேன்.”

“நான் கணக்குப் புத்தகத்தை விட்டு நகரவேயில்லையே.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்த துணி ஆறும். ஆறாமல் அப்படியே இருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் அடுப்பில்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை, ஜன்னலில் வெயில்கூட இல்லை. அது பாட்டுக்குச் சூடேறிக்கொண்டிருந்தது.

“காய்ச்சல் கண்ட மாதிரி இருக்கு மாமா,” என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி.

“துண்டுக்குக் காய்ச்சலா? போய் வேலையைப் பாரு.”

சொல்லிவிட்டு, சூடு வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று மூன்றாவது கம்பளியையும் எடுத்துப் போர்த்தினார்.

அரை மணியில் கம்பளி இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. பார்த்ததும் பளிச்சுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மச்சான் ஒரு காலத்தில் சிகரெட் பிடித்தவர்.

“பாக்கெட்டைக் காட்டு.”

“என்ன மாமா?”

“துண்டு அடுக்குல சிகரெட்டைச் சொருகிட்டு நல்ல பிள்ளை மாதிரி நிக்கிறியா? எடு வெளியில.”

மச்சானின் முகம் செத்துப்போயிற்று. இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு சீப்பு, நாலு இருமல் மிட்டாய், அக்காள் எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டு.

“விட்டு மூணு வருஷம் ஆச்சு. என் குழந்தை மேல சத்தியம் பண்ணியிருக்கேன். உங்க பேச்சுக்கு நான் இனி இந்த வாசலை மிதிச்சா பாருங்க.” மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நடந்தார்.

“துண்டு சிகரெட் கிடைக்கட்டும், அப்புறம் பேசிக்கறேன்,” என்று முதுகுக்குச் சொன்னார் பளிச். கையும் களவுமாகப் பிடிக்கிற உற்சாகத்தில் கம்பளிகளை உருவி எறிந்து, அடுக்கை நடுவில் இரண்டாகப் பிளந்தார்.

சிகரெட் இல்லை. அடுக்கின் நடுவில் துண்டுகள் சுட்ட ரொட்டி நிறத்தில் கருகிக் கிடந்தன. காற்றுப் பட்டதும் அந்தக் கருப்பு சிவந்தது. பளிச் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவரும் பற்றவைக்காமல், அவர் கண்ணெதிரில், அவரே துவைத்து மடித்த துண்டுகள் குப்பென்று பிடித்துக்கொண்டன.

“மச்சான்!” என்று கத்தினார். வாசலைத் தாண்டிய மச்சான்தான் திரும்பி ஓடிவந்து, இனி மிதிக்கமாட்டேன் என்ற வாசலை மிதித்து, ஊறவைத்திருந்த தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினார். தீயணைப்பு வண்டி வந்தபோது தீ அணைந்திருந்தது. புகை மட்டும் அறுபது கோட்டுக்குள்ளும் புகுந்து வெளியே வந்திருந்தது. டாக்டர்கள் இனி அவற்றைப் போட்டுக்கொண்டு நின்றால் நோயாளிகள் மெக்கானிக் என்று நினைப்பார்கள்.

தீயணைப்பு அதிகாரி ஓர் அம்மாள். கருகிய துண்டை விரலால் தேய்த்தார். பிசின் மாதிரி ஒட்டியது.

“சமையல் எண்ணெய் மாதிரி ஏதாவது பட்ட துணியா?”

“மசாஜ் துண்டு மேடம். அஞ்சாறு தடவை துவைச்சேன்.”

“எண்ணெய் கெட்டுப்போனா பிசினா நூலைப் பிடிச்சுக்கும், முழுசாப் போகாது. எண்ணெய் சும்மா இருக்குன்னு நாம நினைக்கிறோம். அது காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேர்ந்துக்கிட்டே இருக்கும். சேரச் சேரத்தான் சிக்கு வாடை. சேரும்போது சூடும் விடும். கொடியில தனித்தனியாத் தொங்கினா அந்தச் சூடு காத்தோட போயிடும். சூட்டோட அடுக்கி வச்சா எங்க போகும்? சூடு ஏற ஏற இன்னும் வேகமாச் சேரும்.” சுற்றிலும் பார்த்தார். “இந்தக் கம்பளி எதுக்கு?”

பளிச் கம்பளியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“மூணு போர்த்தினார் மேடம்,” என்றார் மச்சான். மூன்று என்பதை அழுத்திச் சொன்னார்.

“வேற ஒருத்தரும் நெருப்பு வைக்கலையா?” என்று பளிச் நப்பாசையுடன் கேட்டார்.

“நெருப்பே தேவையில்லை சார். நீங்களே எல்லாம் செஞ்சுட்டீங்க. அது என்ன எண்ணெய்னு மட்டும் கேட்டு எனக்குச் சொல்லுங்க, எழுதிக்கணும்.”

வீட்டில் மனைவி விசாரணையை நின்றபடியே முடித்தாள். “முதல்ல என் தம்பிகிட்ட மன்னிப்பு. அப்புறம் மாஸ்டர்கிட்ட. அந்த மனுஷன் துண்டை எரிச்சுட்டு எந்த முகத்தோட நான் இனி முட்டியை நீட்டறது?”

தம்பியிடம் மன்னிப்பு சீக்கிரம் முடிந்தது. அவர் அழுதார், இவரும் அழுதார், இருமல் மிட்டாய் ஆளுக்கொன்று சாப்பிட்டார்கள். மாஸ்டரிடம் போகத்தான் கால் எழவில்லை.

ஆனால் மாஸ்டர் கோபிக்கவேயில்லை. “துண்டு போனாப் போகுது சார். ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே? உங்க தோளைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. படுங்க முதல்ல.”

“இல்ல மாஸ்டர், நான் வந்தது ஒரு விஷயம் கேட்க.”

“படுத்துக்கிட்டே கேளுங்க.”

படுத்தார். வெதுவெதுப்பான எண்ணெய் முதுகில் விழுந்தது. நீலகிரித் தைலமும் ஏதேதோ பச்சிலையும் கலந்த வாசனை தூக்கியடித்தது. மாஸ்டரின் கட்டை விரல்கள் தோளில் இறங்க இறங்க, அறுபது கோட்டுகளும் ஒவ்வொன்றாக மனத்தை விட்டுப் போயின. உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார் மாஸ்டர். முகத்தில் வழிந்தது. உதட்டில் பட்டதைப் பளிச் துடைக்கவும் இல்லை. இந்தக் கையைப் போய்க் குறை சொல்ல நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

“மாஸ்டர், இது என்ன எண்ணெய்? அந்த அதிகாரியம்மா கேட்டாங்க.”

விரல்கள் ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தன. “எங்க தாத்தா காலத்துப் பக்குவம் சார். பல நாள் காய்ச்சி இறக்கணும். வெளியில சொல்றதில்ல.”

“என் வீட்டுக்காரி சாமி மருந்து மாதிரி வச்சிருக்கா. ராத்திரி படுக்கும்போது நெத்தியில கூடத் தடவிக்குவா.”

“அக்காவுக்கு இன்னொரு குப்பி தந்துவிடறேன்.”

பளிச் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அறைக் கதவு தட்டாமலே திறந்தது. எதிர் ஓட்டல் சமையற்காரர், கையில் ஒரு தகர டின்னோடு எட்டிப் பார்த்தார்.

“மாஸ்டர், இந்த வாரத்து எண்ணெய் வடிகட்டிக் கொண்டாந்துட்டேன். நாலு நாளா மீனே பொரிச்சதால கொஞ்சம் கறுத்துப்போச்சு, தலைக்குத் தேய்க்கப் பரவாயில்லையா?”